வாக்குவம் கிளீனரில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி தேவையா?

கேள்வி: புதிதாக வாக்குவம் கிளீனர் வாங்கப் போகிறோம். ஒரே வேகத்தில் ஓடும் மாடல் ஒன்றைப் பார்த்து வைத்தோம். அதே கம்பெனியில், வேகத்தைக் கூட்டிக் குறைக்கக் குமிழ் வைத்த மாடலுக்கு 2,500 ரூபாய் அதிகம் கேட்கிறார்கள். வீட்டில் கார்ப்பெட் கிடையாது, டைல்ஸ் தரைதான். தூசியை இழுக்கத்தானே மெஷின், அதை எதற்குக் குறைத்து வைக்க வேண்டும்? அம்மாவுக்குத் தூசி அலர்ஜி உண்டு, அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

பதில்:

கார்ப்பெட் இல்லாத வீட்டுக்குத்தான் அந்தக் குமிழ் அதிகம் பயன்படும். கேட்க விநோதமாக இருக்கும், காரணம் சொல்கிறேன். திருச்சியில் இருபது வருடத்துக்கு மேல் மிக்ஸி, வாக்குவம் கிளீனர் மோட்டார்களைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தவன் நான். ரிப்பேருக்கு வரும் மெஷின்கள் பலவற்றில் குமிழ் ‘மேக்ஸ்’ பக்கத்திலேயே அழுக்கேறி இறுகிப் போயிருக்கும். வாங்கிய நாளிலிருந்து யாரும் அதைத் திருப்பியிருக்க மாட்டார்கள். முழுச் சக்திக்கும் காசு கொடுத்துவிட்டு அதைக் குறைத்து வைப்பானேன் என்ற நினைப்புதான். உங்கள் கேள்வியும் அதேதான்.

ஒரு சின்னச் சோதனையிலிருந்து தொடங்கலாம். யார் வீட்டிலாவது வாக்குவம் கிளீனர் இருந்தால், ஓடவிட்டு, குழாயின் வாயை உள்ளங்கையால் முழுதாக மூடிப் பாருங்கள். கையைக் கவ்விப் பிடிக்கும். என்ன இழுப்பு, என்ன இழுப்பு என்று தோன்றும். கடைகளில் விற்பவர்களும் இதைத்தான் செய்து காட்டுவார்கள். ஆனால் அந்த நொடியில் குழாய்க்குள் காற்று ஓடவே இல்லை. காற்று ஓடாவிட்டால் ஒரு துளி தூசிகூட நகராது. தூசியைத் தூக்கிப் போவது காற்றின் ஓட்டம். இழுப்பு என்பது அந்தக் காற்றை இண்டு இடுக்கு வழியாக வரவழைக்கத் தேவைப்படும் பலம், அவ்வளவுதான். இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் சுத்தம் நடக்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். நம் வீடுகளில் இருக்கும் குழாய் வைத்த சாதாரண மெஷின், எதையும் அடைக்காமல் ஓடும்போது வினாடிக்குச் சுமார் 30 லிட்டர் காற்றை இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். குழாயின் உள் விட்டம் 32 மில்லிமீட்டர் என்றால் அதன் வாய் ஏறக்குறைய 8 சதுர சென்டிமீட்டர். அந்தச் சிறிய வழியாக அவ்வளவு காற்றும் போக வேண்டுமானால் வேகம் வினாடிக்கு 37 மீட்டர் வரும். மணிக்கு 130 கிலோமீட்டருக்கு மேல். ஒரு புயலே உங்கள் ஹாலில் அந்தக் குழாய்க்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. டைல்ஸ் மேல் கிடக்கும் தலைமுடிக்கும் பஞ்சுத் தூசிக்கும் இவ்வளவு பெரிய புயல் தேவையா? பாதி போதும். பாதி என்றாலும் மணிக்கு 65 கிலோமீட்டர்.

சரி, தேவைக்கு மேல் இருந்தால் என்ன நஷ்டம்? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

ஜன்னல் திரையை எடுத்துக்கொள்ளுங்கள். முழு வேகத்தில் முனையைத் திரையில் வைத்ததும் துணி ‘லபக்’ என்று உள்ளே போய்க் குழாயை அடைத்துக்கொள்ளும். உள்ளங்கையை வைத்த கதைதான். மெஷின் கத்தும், நாம் துணியைப் பிடித்து இழுப்போம், விடுபட்டதும் மறுபடி வைப்போம், மறுபடி லபக். பத்து நிமிடம் இந்த மல்யுத்தம் நடந்த பிறகு பார்த்தால் திரையில் தூசி இருந்த இடத்திலேயே இருக்கும். குமிழைக் கீழே இறக்கிவிட்டால் துணி முனையை ஒட்டி நிற்கும், ஆனால் உள்ளே போகாது. இழைகளின் வழியாகக் காற்று ஓடும், தூசியும் கூடவே போகும். குறைந்த வேகத்தில் அதிகமாகச் சுத்தமாகிறது. கண்ணால் பார்க்கும்வரை பலர் இதை நம்புவதில்லை.

டைல்ஸ் தரையிலும் இதே கதைதான், ஆளை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். தரையைத் தேய்க்கும் அகலமான முனையின் விளிம்பில் ரப்பர் பட்டை இருக்கும். வழவழப்பான தரையில் அது நன்றாகப் படிந்துவிட்டால் காற்று உள்ளே வர வழி குறைந்துவிடும். முனை தரையைக் கவ்விக்கொள்ளும், தள்ள முடியாது. எவ்வளவு கவ்வும்? முனையின் திறப்பு 25 சென்டிமீட்டர் நீளம், 2 சென்டிமீட்டர் அகலம் என்றால் 50 சதுர சென்டிமீட்டர். மெஷினின் இழுப்பு 20 கிலோபாஸ்கல், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 200 கிராம் சொச்சம். முழுதாக ஒட்டிக்கொண்டால் பத்துக் கிலோ எடையை அந்த முனை மேல் ஏற்றி வைத்தது போல. அதை இழுத்துக்கொண்டு வீடு முழுக்க நடக்க வேண்டும். நிஜத்தில் முழுதாக ஒட்டாது, எங்காவது இடைவெளி இருக்கும், ஆனாலும் மணிக்கட்டு வலி எங்கிருந்து வருகிறது என்று புரியும்.

டைல்ஸ் தரையில் இன்னொரு தொல்லையும் உண்டு. உள்ளே போகும் காற்று எங்காவது வெளியே வந்தாக வேண்டும் அல்லவா? மெஷினின் பின்பக்கமோ பக்கவாட்டிலோ இருக்கும் ஜன்னல் வழியாக அது சீறிக்கொண்டு வரும். கார்ப்பெட் போட்ட அறையில் தூசி இழைகளுக்குள் பதுங்கிக் கிடப்பதால் அந்தக் காற்று அதை அசைக்காது. வெறும் தரையில் கிடக்கும் பஞ்சும் முடியும், முனை போய்ச் சேருவதற்கு முன்பே கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளிந்துகொள்ளும். கார்ப்பெட் இல்லாத வீட்டுக்குத்தான் குமிழ் தேவை என்று முதலிலேயே சொன்னது இதனால்தான்.

வேகத்தைக் குறைத்தால் மற்றவை எந்த அளவில் குறையும் என்பதற்கு ஒரு விதி இருக்கிறது. மின்விசிறி, புளோயர், பம்ப் எல்லாவற்றுக்கும் பொதுவானது. மோட்டாரின் சுற்று வேகம் எவ்வளவு குறைகிறதோ காற்றின் அளவும் அவ்வளவே குறையும். இழுப்போ வர்க்கமாக, அதாவது அந்த விகிதத்தை அதனாலேயே ஒரு முறை பெருக்கிய அளவுக்குக் குறையும். மின்சாரச் செலவு கனமாக, அதாவது இன்னொரு முறையும் பெருக்கிய அளவுக்குக் குறையும். சுற்று வேகத்தை 70 சதவீதத்துக்கு இறக்கினால் காற்று 70 சதவீதம் கிடைக்கும், இழுப்பு 49 சதவீதம், மின்சாரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. தூசியைச் சுமக்கும் காற்றில் முக்கால்வாசியை வைத்துக்கொண்டு, துணியையும் தரையையும் கவ்வும் பலத்தில் பாதியைக் கழற்றிவிடுகிறோம். நல்ல பேரம் இது.

சத்தமும் இறங்கும். அதே 70 சதவீத வேகத்தில் சத்தம் ஏழெட்டு டெசிபல் குறையும். டெசிபல் கணக்கில் பத்து குறைந்தால் காதுக்குப் பாதியாகிவிட்டது போலத் தோன்றும். எனவே இது கிட்டத்தட்ட பாதி. தூங்கும் குழந்தை இருக்கும் வீட்டில், மதியம் மூன்று மணிக்குக் கீழ்வீட்டுக்காரர் படுத்திருக்கும் அபார்ட்மெண்டில், இந்த ஒரு காரணமே போதும். நாய் வளர்ப்பவர்களுக்கு நான் சொல்லவே வேண்டியதில்லை.

மோட்டாரைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வயர் வைத்த வாக்குவம் கிளீனரில் இருப்பது உங்கள் மிக்ஸியில் இருக்கும் அதே ஜாதி மோட்டார்தான். யுனிவர்சல் மோட்டார் என்பார்கள், சுழலும் பகுதியை உரசிக்கொண்டே மின்சாரம் கொடுக்கும் இரண்டு கார்பன் துண்டுகள் வைத்தது. மிக்ஸியில் 1, 2, 3 என்று வேகம் மாற்ற, காயிலில் வெவ்வேறு இடத்தில் வயர் எடுத்து விட்டிருப்பார்கள். நல்ல வாக்குவத்தில் குமிழுக்குப் பின்னால் ட்ரையாக் என்ற சின்ன எலக்ட்ரானிக் பாகம் இருக்கும், ஒவ்வொரு மின் அலையிலும் ஒரு துண்டை வெட்டிவிட்டு மிச்சத்தை மோட்டாருக்கு அனுப்பும். அதனால்தான் குமிழைப் படிப்படியாக இல்லாமல் வழுக்கிக்கொண்டே போகிற மாதிரி திருப்ப முடிகிறது. இந்த மோட்டார்கள் நிமிடத்துக்கு இருபது, முப்பதாயிரம் சுற்று போகும். குறைந்த வேகத்தில் ஓடினால் கார்பன் மெதுவாகத் தேயும், பேரிங்கும் கொஞ்சம் கூடுதல் காலம் தாங்கும்.

மிக்ஸியோடு ஒப்பிட்டால் இன்னொரு குழப்பமும் தீரும். திரை மாட்டிக்கொண்டதும் வாக்குவம் கீச்சென்று கத்துகிறதே, ‘பாவம், மோட்டார் திணறுகிறது’ என்று எல்லோரும் நினைப்பார்கள். உண்மை நேர் எதிர். காலி ஜாரை மாட்டி மிக்ஸியைப் போட்டால் எப்படிக் கத்தும்? அரைக்க ஒன்றும் இல்லாததால் தறிகெட்டுச் சுற்றும். வாக்குவத்துக்கு அரைக்க வேண்டிய மாவு காற்றுதான். வழி அடைபட்டால் சுற்ற வைக்கக் காற்று இல்லை, வேகம் ஏறும், கத்தும், மின்சாரம்கூடக் குறைவாகத்தான் எடுக்கும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பெரும்பாலான வீட்டு மெஷின்களில் உள்ளே வரும் அதே காற்றுதான் மோட்டாரையும் குளிரவைக்கிறது. காற்று நின்றால் குளிர்ச்சி நின்றது. மிக்ஸிக்கு அடியில் சிவப்புப் பட்டன் துள்ளி நிற்பது போல, இங்கே சூட்டுக்கு அணையும் சுவிட்ச் ஒன்று உள்ளே இருக்கும். அது அணைத்துவிட்டால் மெஷின் செத்துவிட்டது என்று கடைக்குத் தூக்கி வருவார்கள். நான் டீ குடித்துவிட்டு வந்து சுவிட்சைப் போடுவேன், ஓடும். அடைப்பை எடுத்துவிட்டு அனுப்புவேன். காசு வாங்கவும் சங்கடம், வாங்காமல் இருக்கவும் சங்கடம்.

ஒரே வேகம் உள்ள மெஷினில் இதற்கெல்லாம் வழியே இல்லையா என்றால், இருக்கிறது. குழாயின் கைப்பிடியில், விரலால் தள்ளித் திறக்கிற ஒரு சின்ன ஓட்டையைப் பார்த்திருப்பீர்கள். பலர் அதை உடைந்த பாகம் என்று நினைத்து டேப் ஒட்டி வைத்திருப்பதைக் கண்டிருக்கிறேன். அதைத் திறந்தால் வெளிக்காற்று அந்த வழியாகப் புகுந்து, முனையில் இழுப்பு குறையும். திரையைச் சுத்தம் செய்ய அதுவே போதும். உடனே திறக்கலாம், உடனே மூடலாம், மெஷின் வரை குனிய வேண்டியதில்லை. குமிழ் இருக்கும் மெஷினிலும் நான் இந்த ஓட்டையைத்தான் முதலில் தொடுவேன். குறை என்னவென்றால் மோட்டார் முழு வேகத்திலேயே ஓடும். சத்தம் குறையாது, பின்னால் சீறும் காற்று குறையாது, கார்பன் தேய்வதும் குறையாது. முனையில் காற்றும் இழுப்பும் சேர்ந்தே குறையும். பாலைக் காய்ச்ச அடுப்பைச் சிறிதாக்குவதற்கும், பெரிதாக எரியவிட்டு அடிக்கடி தண்ணீர் தெளிப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

இனி உங்கள் வீட்டுக்குள் வருவோம். டைல்ஸ் தரைக்குப் பாதிக்குக் கொஞ்சம் மேலே. தினமும் பெருக்குகிற வீடு என்றால் பாதியே போதும். முனையின் மேல் காலால் மிதிக்கும் விசை இருக்கும், மிதித்தால் பிரஷ் முடி வெளியே வந்து முனையைத் தரையிலிருந்து சற்றுத் தூக்கும். வெறும் தரைக்கு அந்த நிலைதான் சரி. பலர் இதை மிதிக்காமலே ‘இழுக்கவே இல்லை’ என்று சொல்வார்கள்.

சீலிங் ஃபேன் இறக்கைக்குப் பாதி வேகம், பிரஷ் முனை. முழு வேகத்தில் வைத்தால் இறக்கை முனையோடு சேர்ந்து ஆடும், நீங்கள் ஸ்டூல் மேல் நின்றுகொண்டு ஆடுவீர்கள். கொசுவலை அடித்த ஜன்னலுக்கு அதற்கும் குறைவு. அதிலும் ஒட்டு வைத்து ஒட்டும் நைலான் வலை என்றால் மிகக் குறைந்த வேகம்தான், இல்லாவிட்டால் ஓரம் பிய்ந்து கையோடு வரும். ஏசியின் உள்பகுதியில் கழற்றும் வலை ஃபில்டருக்கும் குறைந்த வேகம். அதற்குப் பின்னால் இருக்கும் மெல்லிய அலுமினியத் தகடுகள் விரல் பட்டாலே மடங்கும், அங்கே பிரஷ் முனையை மேலிருந்து கீழாக மட்டும் நகர்த்துங்கள். புத்தக அலமாரி, ரேடியோ, பூஜை அறைப் படங்கள் எல்லாம் இதே வகை. கம்ப்யூட்டரின் உள்ளே மட்டும் வேண்டாம். அது வேகத்தைப் பொறுத்த விஷயம் இல்லை. பிளாஸ்டிக் முனை வழியாகத் தூசி உரசிப் போகும்போது நிலைமின்சாரம் சேரும், அது சிப்களுக்கு ஆகாது.

கொலு வைக்கிற வீடு என்றால் இன்னொன்று. பழைய காகிதக் கூழ் பொம்மைகளில் வண்ணம் செதில் செதிலாக எழுந்து நிற்கும். துணியால் துடைத்தால் வண்ணமும் போகும், முழு வேகத்தில் வைத்தால் பொம்மையின் மூக்கும் போகும். முனையில் மெல்லிய வலைத்துணியைக் கட்டி, மிகக் குறைந்த வேகத்தில், பொம்மையைத் தொடாமல் ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்து இழுக்கலாம். நான் கண்டுபிடித்தது இல்லை, அருங்காட்சியகங்களில் பழந்துணிகளைச் சுத்தம் செய்பவர்கள் இழுப்பைக் கூட்டிக் குறைக்கும் வாக்குவத்தையும் வலையையும் வைத்து இப்படித்தான் செய்கிறார்கள். காதுத் தோட்டின் திருகாணி கட்டிலுக்கு அடியில் உருண்டு போனாலும் இதே வித்தைதான். முனையில் பழைய சாக்ஸை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டு, பாதி வேகத்தில் மெதுவாகத் தடவிக்கொண்டு வந்தால் திருகாணி துணியில் வந்து ஒட்டிக்கொள்ளும். கீழே ஒரு தட்டை வைத்துக்கொண்டு சுவிட்சை அணையுங்கள்.

துணி வழியாக இழுப்பது என்றதும் ஞாபகம் வருகிறது. 1901இல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர், தூசியை ஊதித் தள்ளும் மெஷின் ஒன்றைப் பார்த்துவிட்டு, ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன என்று யோசித்தார். ஓர் உணவு விடுதியின் நாற்காலியில் கைக்குட்டையை விரித்து, வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்ததாகச் சொல்வார்கள். கைக்குட்டையின் அடியில் கறுப்பாகத் தூசி ஒட்டியிருந்ததாம். அவர் செய்த மெஷின் குதிரை வண்டியில் வந்து தெருவில் நிற்கும், குழாயை ஜன்னல் வழியாக வீட்டுக்குள் விடுவார்கள். குமிழைத் திருப்பும் கவலை வீட்டுக்காரர்களுக்கு இல்லை.

முழு வேகம் எங்கே வேண்டும்? மெத்தைக்கு வேண்டும், அதுவும் மேலுறையை இறுக்கிப் போட்டுவிட்டு. சோபா இடுக்கு, ஸ்லைடிங் ஜன்னலின் தண்டவாளம், காரின் கால்மிதி, கயிற்றுத் தரைவிரிப்பு, செருப்பு வைக்கும் இடத்தில் சேரும் மணல், இவற்றுக்கெல்லாம் குமிழை முழுதாகத் திருப்புங்கள். மணலுக்கும் சின்னக் கல்லுக்கும் எடை உண்டு. காற்று வேகம் குறைவாக இருந்தால் முனைக்குள் ஏறிவிட்டு, நிமிர்ந்து நிற்கும் குழாயில் பாதி வழி போய், மறுபடி இறங்கி வரும். சலசலவென்று சத்தம் கேட்டால் அதுதான். குறைந்த வேகத்தில் வேலையை முடித்த பிறகும், அணைப்பதற்கு முன் கால் நிமிடம் முழு வேகத்தில் வைத்துக் குழாயைத் தூக்கிப் பிடியுங்கள். வளைவுகளில் தங்கியது எல்லாம் போய்ச் சேரும்.

பை இல்லாத, காற்றைச் சுழற்றித் தூசியைப் பிரிக்கிற சைக்ளோன் வகை வாங்குவதாக இருந்தால் இதையும் கவனியுங்கள். தயிர் கடைவது போலக் காற்று சுழன்று, தூசி ஓரத்துக்கு வீசப்பட்டுக் கீழே விழ வேண்டும். சுழற்சி மெதுவானால் பிரிவது குறையும். பொடித் தூசி நேராக ஃபில்டருக்குப் போய் அதைச் சீக்கிரம் அடைக்கும். அதனால் அந்த வகையில் மிகக் குறைந்த வேகத்தை அரை மணி நேரம் தொடர்ந்து வைத்திருக்காதீர்கள். துணி, காகிதப் பை வைத்த மெஷினில் இந்தப் பிரச்சினை கிடையாது.

அம்மாவின் அலர்ஜிக்கு வருகிறேன். இதில் வேகத்துக்குச் சின்னப் பங்குதான். வெளியேறும் காற்று தரைத்தூசியைக் கிளப்பாமல் இருப்பது ஒரு நன்மை, அவ்வளவே. அலர்ஜிக்கு முக்கியம் ஃபில்டர். பொடித் தூசி ஒரு பக்கம் உள்ளே போய் மறுபக்கம் வெளியே வந்தால், எந்த வேகத்தில் ஓட்டினாலும் அம்மா தும்மத்தான் செய்வார். மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா (HEPA) ஃபில்டர் இருக்கிறதா, அது எச்13 தரமா என்று கேளுங்கள். அந்தத் தரம் என்றால், பிடிக்க மிகவும் கஷ்டமான அளவுள்ள துகள்களிலேயே 99.95 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். ஃபில்டரைச் சுற்றி ரப்பர் வளையம் இறுக்கமாக உட்காருகிறதா என்றும் பாருங்கள். ஓரத்தில் சந்து இருந்தால் ஃபில்டர் எவ்வளவு உசத்தியாக இருந்தும் பிரயோஜனமில்லை. 2,500 ரூபாயைக் குமிழுக்குக் கொடுப்பதா நல்ல ஃபில்டருக்குக் கொடுப்பதா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வந்தால், உங்கள் வீட்டில் ஃபில்டருக்குத்தான் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டும் ஒரே மாடலில் சேர்ந்தே வரும். மெஷின் ஓடும்போது அம்மா அடுத்த அறையில் இருக்கட்டும்.

கரண்ட் பில்லுக்காகக் குமிழ் வாங்காதீர்கள். 1,400 வாட் மெஷினைக் கால் மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டினால் 0.35 யூனிட். வாரம் இரண்டு முறை என்றால் மாதத்துக்கு மூன்று யூனிட். அதை ஒன்றாகக் குறைத்து என்ன கண்டோம்? கரண்ட் போன நேரத்தில் வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். குறைந்த வேகத்தில் வைத்தாலும் வேண்டாம். சாதாரண 850 வி.ஏ. இன்வெர்ட்டருக்கு அது பெரிய சுமை, மின் அலையை வெட்டுகிற ட்ரையாக்கும் சதுர அலை இன்வெர்ட்டரும் ஒத்துப்போவதும் கஷ்டம்.

இதைவிட மோசமான யோசனை ஒன்று இருக்கிறது. ஒருவர் தன்னுடைய ஒற்றை வேக வாக்குவத்துக்கு, சுவரில் இருக்கும் ஃபேன் ரெகுலேட்டர் வழியாக லைன் கொடுத்து வேகம் குறைத்தார். மூளை நல்ல மூளைதான். ஆனால் ஃபேன் எடுப்பது எழுபத்தைந்து வாட், மெஷின் எடுப்பது ஆயிரத்துக்கு மேல். ரெகுலேட்டர் புகைந்து சுவிட்ச் போர்டே உருகிப்போனது. நல்லவேளை, ஆள் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

வயர் இல்லாத, பேட்டரியில் ஓடும் வகை பக்கம் உங்கள் கவனம் போனால் கதையே மாறிவிடும். அங்கே வேக நிலைகள் வசதி இல்லை, அத்தியாவசியம். முன்பு சொன்ன கன விதியை இங்கே பொருத்திப் பாருங்கள். சுற்று வேகத்தைக் கொஞ்சம் ஏற்றினாலே பேட்டரி வடியும் வேகம் அதைவிட வெகுவாக ஏறும். குறைந்த நிலையில் நாற்பது நிமிடம், ஒரு மணி நேரம் என்று ஓடும் மெஷின், மிக அதிக நிலையில் பத்து நிமிடத்துக்குள் படுத்துவிடும். விளம்பரத்தில் ‘60 நிமிடம் ஓடும்’ என்று ஒரு வரி இருக்கும், அதற்குக் கீழேயே பிரமாதமான இழுப்பு எண் ஒன்று இருக்கும். முதல் எண் குறைந்த நிலைக்கு உரியது, இரண்டாவது அதிக நிலைக்கு உரியது. இரண்டும் ஒரே நேரத்தில் உங்களுக்குக் கிடைக்காது. வாங்குமுன் நடு நிலையில் எத்தனை நிமிடம் ஓடும் என்று கேளுங்கள், வீட்டில் புழங்கப்போவது அந்த நிலைதான். எப்போதும் உச்ச நிலையிலேயே ஓட்டினால் லித்தியம் பேட்டரி சூடாகிச் சீக்கிரம் மூப்படையும், சூடான பேட்டரியை உடனே சார்ஜில் போடுவது அதைவிடக் கெடுதல். தானே ஓடும் ரோபோ வகையில் தரையைப் பார்த்து அதுவே வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி இப்போது பரவலாக வருகிறது. டைல்ஸ் வீட்டில் அது பெரும்பாலும் குறைந்த நிலையிலேயே சுற்றும், விட்டுவிடுங்கள்.

கடையில் வாட் கணக்கைச் சொல்லி மயக்குவார்கள், அதற்கும் ஒரு வார்த்தை. வாட் என்பது மெஷின் தின்னும் சாப்பாடு, செய்யும் வேலை இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பரில் வீட்டு வாக்குவம் கிளீனர்களுக்கு 1,600 வாட் என்று உச்சவரம்பு வைத்தது. 2017 செப்டம்பரில் அதை 900 வாட்டுக்கு இறக்கியது, கூடவே சத்தம் 80 டெசிபலைத் தாண்டக்கூடாது, மோட்டார் குறைந்தது 500 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றும் சொன்னது. 900 வாட்டில் கார்ப்பெட்டே சுத்தமாகாது என்று அப்போது பலர் புலம்பினார்கள். கம்பெனிகள் முனையையும் காற்றுப் பாதையையும் திருத்தி வடிவமைத்தன, அங்கே இன்றும் கார்ப்பெட் சுத்தமாகத்தான் இருக்கிறது. அதே சமயத்தில் ஒட்டிய மின்சிக்கன லேபிளை 2018 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் ரத்து செய்தது. காலிப் பையோடு சோதித்துவிட்டு மதிப்பெண் போட்டது தவறு, வீட்டில் பை நிரம்பிக்கொண்டே போகும் அல்லவா என்பது வழக்குப் போட்ட டைசன் கம்பெனியின் வாதம். நியாயமான வாதம். பை பாதி நிரம்பியதும் போன வாரம் பாதி வேகத்தில் எடுத்த அதே தூசியை இந்த வாரம் எடுக்காது, குமிழை ஒரு கோடு ஏற்ற வேண்டியிருக்கும். ஏற்றிக்கொண்டே போய் முழுதுக்கு வந்துவிட்டால் பையை மாற்றும் நாள் வந்துவிட்டது.

ஐந்து நிலை, ஆறு நிலை என்று பட்டன் வைத்ததற்கு அதிகம் கொடுக்க வேண்டாம். துணிக்கு ஒன்று, தரைக்கு ஒன்று, மணலுக்கு ஒன்று, மூன்று போதும். பட்டனைவிடத் திருப்பும் குமிழ் நல்லது. அந்தக் குமிழ் மெஷினின் உடம்பில் இல்லாமல் கைப்பிடியிலேயே இருந்தால் இன்னும் நல்லது, ஒவ்வொரு முறையும் குனிய வேண்டியிருந்தால் நீங்களும் அதை ‘மேக்ஸ்’ பக்கத்திலேயே விட்டுவிடுவீர்கள்.

உங்களுக்கு என் யோசனை: 2,500 ரூபாயைக் கொடுத்துக் குமிழ் வைத்ததையே வாங்குங்கள், ஃபில்டர் நான் சொன்னபடி இருந்தால். கடைக்குப் போகும்போது ஒரு பழைய துப்பட்டாவைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். மெஷினை ஓடவிட்டு, குமிழை மிகக் குறைந்த பக்கம் திருப்பித் துப்பட்டாவின் மேல் முனையை நகர்த்திப் பாருங்கள். துணி உள்ளே போகாமல் நகர்ந்து வந்தால் சரி. அந்த நிலையிலும் துணியை விழுங்கினால், அது பெயருக்கு வைத்த குமிழ். அப்போது ஒற்றை வேக மாடலையே எடுத்துக்கொண்டு, கைப்பிடியில் அந்தச் சின்ன ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.